சந்தையை மூடிச் சந்தை திறந்த கதை

சாட்ஸ்டன் சாட்ஸ்டனில் இல்லை.

மெல்பேர்ணின் தென்கிழக்கில், வாரிகல் வீதிக்குக் கிழக்குப் பக்கமாகச் சாட்ஸ்டன் என்றொரு புறநகர் இருக்கிறது. செங்கல் வீடுகளும் புல் வெட்டிய முற்றங்களுமாக, சந்தடியில்லாத ஊர். அதன் பெயரைக் கொண்ட பிரபலமான கடைத்தொகுதியோ வீதிக்கு மேற்கே, மல்வேர்ன் ஈஸ்ட் என்ற வேறொரு புறநகரில், வேறொரு நகரசபையின் எல்லைக்குள் இருக்கிறது. இதற்காக எவரும் வழக்குப் போடவில்லை. "சாட்ஸ்டனில் நிற்கிறேன்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், எந்த வாசலில் என்றுதான் எதிர்க்கேள்வி வரும். உண்மையிலேயே அந்த ஊரில் குடியிருப்பவர், "இல்லை, வீட்டில்தான்" என்று விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஒன்றை எடுத்துக்கொள்வது, கொஞ்சக் காலம் கழித்து அதையே துடைத்து மினுக்கிக் கூடிய விலைக்குத் திருப்பித் தருவது: அறுபத்தைந்து ஆண்டுகளாகச் சாட்ஸ்டன் செய்துவரும் வியாபாரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஊர்ப் பெயரை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்கும் எங்கேயாவது ஒரு வரைபடம் தயாராக இருக்கும்.

நாங்கள் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிடையே அப்போது ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருபவர்களை முதலில் வங்கிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கணக்குத் திறந்துவிடுவார்கள். அடுத்து சாட்ஸ்டனுக்குக் கூட்டிக்கொண்டுபோய், அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை என்பதை உணர்த்துவார்கள். எங்களுக்கு இந்தச் சடங்கைச் செய்துவைத்தவர், முன்னமே வந்து கிளேய்ட்டனில் குடியேறியிருந்த ஓர் அண்ணை. தன்னுடைய பழைய டட்சன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு டண்டினோங் வீதியில் போகும்போதே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நல்ல உடுப்பாப் போட்டுக்கொண்டு வந்தது சரி. ஆனா இஞ்ச ஒண்டும் வாங்கிறேல்லை. சும்மா பாக்கிறதுதான்."

"அப்ப சாமான் வாங்கிறது எங்கை அண்ணை?"

"அது டண்டினோங் சந்தையில. செவ்வாய்க்கிழமை. பின்னேரம் போனியெண்டா வெண்டிக்காயை அள்ளித் தருவாங்கள்."

அப்படித்தான் நடந்தது. மரக்கறி, மீன், பிள்ளைகளுக்குச் சப்பாத்து எல்லாம் 1866 முதல் இயங்கிவரும் டண்டினோங் சந்தையில். சாட்ஸ்டனில் பார்வை மட்டும். மையர் என்ற பெரிய கடைக்குள் ஒரு சேலை நீளத்துக்குத் துணியைத் தடவிப் பார்ப்போம்; விலைச் சீட்டைப் புரட்டி இருபத்தைந்தால் பெருக்கி ரூபாயாக்குவோம்; பெரிய மனிதர்களாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். நாற்பது பாகை வெயில் அடிக்கும் தை மாதத்தில் அது இலவசக் குளிர். ஆடி மாதத்தில் இலவச வெக்கை. கதிரை இருந்தது, கழிவறை இருந்தது, பிள்ளைகள் ஓட இடம் இருந்தது. ஒரு சதம் கொடுக்காமல் இவ்வளவையும் அனுபவிக்கிறோமே, இந்த வெள்ளைக்காரன் எப்படித்தான் பிழைக்கிறான் என்று அண்ணை மெய்யாகவே கவலைப்படுவார்.

அவன் நன்றாகவே பிழைத்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

சாட்ஸ்டனின் கதை ஒரு கன்னியர் மடத்தில் தொடங்குகிறது. நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரிகள் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மடம் வைத்திருந்தார்கள். அந்தக் காணியில் ஒரு பகுதியைத்தான் மையர் நிறுவனம் வாங்கிக் கடைத்தொகுதி கட்டியது. மௌனமும் ஜெபமுமாக இருந்த பூமி விலைக்குறைப்பு அறிவிப்புக்கு வந்து சேர்ந்தது. கன்னியாஸ்திரிகள் கொஞ்சக் காலம் பக்கத்திலேயே தாக்குப்பிடித்தார்கள். பிறகு மடமும் இடிக்கப்பட்டது, கடைகள் பெருக வேண்டியிருந்ததால்.

மையர் நிறுவனத்தின் பூர்வீகம் இன்னும் சுவையானது. அதை நிறுவிய சிட்னி மையர், இன்றைய பெலாரஸில் பிறந்த யூதர். 1899இல் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. தங்கம் விளைந்த பெண்டிகோப் பக்கத்து ஊர்களில் மூட்டை சுமந்து வீடு வீடாக உடுப்பும் துணியும் விற்றார். சாமானை ஆட்களிடம் கொண்டுபோன மனிதர் அவர். அவருடைய மகன் கென் மையர் அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆட்களைச் சாமானிடம் கொண்டுவரும் வழியைக் கண்டுபிடித்தார். யுத்தத்துக்குப் பிறகு மெல்பேர்ண் தென்கிழக்கே நீண்டுகொண்டே போனது. வீடு வாங்கியவர்கள் காரும் வாங்கினார்கள். நகரத்து பேர்க் வீதிக் கடைக்குக் காரில் போனால் நிறுத்த இடமில்லை. அப்படியென்றால் இடம் இருக்கிற இடத்துக்குக் கடை போகட்டும் என்பதுதான் கணக்கு.

1960 ஒக்டோபர் 3ஆம் திகதி, மாநிலப் பிரதமர் ஹென்றி போல்ற் சாட்ஸ்டனைத் திறந்துவைத்தார். செலவு ஆறு மில்லியன் பவுண். எழுபதுக்கு மேற்பட்ட கடைகள், 2,500 கார்களுக்குத் தரிப்பிடம். கடைகளைவிடக் கார் நிறுத்துமிடந்தான் திறப்புவிழாவின் கதாநாயகன். பிரிஸ்பேனில் சேர்ம்சைட், சிட்னியில் டொப் ரைட் என்று 1957இலேயே இரண்டு தொகுதிகள் வந்துவிட்டன. மெல்பேர்ண் மூன்று வருடம் பிந்தினாலும் அவற்றைவிடப் பெரியதாகக் கட்டிப் பழிதீர்த்துக்கொண்டது.

அந்த முதல் சாட்ஸ்டனில் கடைகளுக்கு நடுவே இருந்த நடைபாதை பெரும்பாலும் வானம் பார்த்தது. கடைக்குக் கடை வெயிலில் நடந்தார்கள், மழையில் ஓடினார்கள். பிறகு, இது நவீனமில்லை என்று முடிவுசெய்து கூரை போட்டார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது கூரையின் பெருமையைத்தான் அண்ணை முதலில் காட்டினார். "பார், வெளியில மழை, இஞ்ச உள்ளுக்க ஒரு துளி இல்லை." யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் குடைபிடித்துக் கடை கடையாக ஏறி இறங்கிய எங்களுக்கு, அது முன்னேற்றத்தின் உச்சியாகத்தான் தெரிந்தது.

கூரை போட்ட வணிகத்தொகுதிக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் விக்டர் குரூன். வியன்னாக்காரர், ஹிட்லருக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா போன கட்டடக்கலைஞர். காரில் ஏறிக் காரில் இறங்கும் அமெரிக்கப் புறநகர்வாசிகளுக்குத் தன்னுடைய வியன்னாவின் சதுக்கத்தைப் போல ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1956இல் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் அவர் கட்டிய சவுத்டேல், முழுவதும் மூடிக் குளிரூட்டப்பட்ட முதல் கடைத்தொகுதி. அதைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், பூங்கா எல்லாம் வரும் என்று அவர் கனவு கண்டார். சுற்றிவர வந்தது கார் தரிப்பிடம். பிறகு வியன்னாவுக்குத் திரும்பினார்; கடைசிக் காலத்தில் மனம் வெறுத்து, இந்தப் பிள்ளைகளுக்கு நான் தகப்பனில்லை என்று கைகழுவிவிட்டார். வியன்னாவிலும் நகரத்துக்குத் தெற்கே 1976இல் ஒரு பிரமாண்டக் கடைத்தொகுதி எழும்பி அவரை வரவேற்றது. உள்ளே நுழைந்தவர் எதற்கு வந்தோம் என்பதை மறந்து அலையத் தொடங்கும் கணத்துக்கு அவருடைய பெயரையே வைத்து வேறு விட்டார்கள். பாவம், அதை அவர் கேட்டு வாங்கவில்லை.

1983இல் மையர் நிறுவனம் சாட்ஸ்டனை 37 மில்லியன் டொலருக்கு விற்றது. வாங்கியவர் ஜோன் கண்டேல், மெல்பேர்ணில் பெண்களின் உள்ளுடுப்புக் கடை நடத்திய போலந்து யூதக் குடியேறிகளின் மகன். மூட்டை சுமந்த ஒரு வந்தேறியின் குடும்பத்திடமிருந்து உள்ளுடுப்பு விற்ற இன்னொரு வந்தேறிக் குடும்பத்துக்கு இடம் மாறியது. மூன்றாவது வந்தேறிக் கூட்டமான நாங்கள் சில வருடம் கழித்து வந்து வாங்கியது சும்மா பார்க்கும் உரிமையை மட்டும். இன்று அந்தத் தொகுதியின் மதிப்பு பல நூறு கோடி டொலர். பாதி கண்டேல் குழுமத்திடமும் பாதி விசினிற்றி என்ற நிறுவனத்திடமும் இருக்கிறது. 37 மில்லியனை அண்ணை இப்போதும் இருபத்தைந்தால் பெருக்கிப் பார்த்து, "அந்த நேரம் நாலு பேர் சேர்ந்திருந்தா..." என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டுவிடுவார்.

அப்போது சாட்ஸ்டன் தூங்கும். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்கள் வருவதற்குச் சில வருடம் முன்புவரை விக்டோரியா மாநிலத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும். மிச்ச நேரம் கிரிக்கெட்டுக்கும் புல் வெட்டவும். நாங்கள் வந்த பிறகும் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பரந்த தரிப்பிடம் வெறுமையாகக் கிடக்கும். அண்ணை தன் மனைவிக்குக் கார் ஓட்டப் பழக்கியது அங்கேதான். எங்கள் வட்டத்தில் பலருடைய சாரதி அனுமதிப்பத்திரத்துக்குச் சாட்ஸ்டனின் ஞாயிறு உறக்கந்தான் காரணம். 1996இல் சட்டம் மாறியது. நத்தார், பெரிய வெள்ளி, அன்சாக் தினக் காலை நீங்கலாக எந்த நேரமும் கடை திறக்கலாம் என்றாயிற்று. பிறகு நத்தாருக்கு முந்திய நாட்களில் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் கதவைப் பூட்டாமலே வியாபாரம் நடத்தும் சம்பிரதாயமும் வந்துசேர்ந்தது. சிவராத்திரிக்கு நாங்கள்கூட அவ்வளவு நேரம் விழித்திருப்பதில்லை.

இந்தக் காலத்தில்தான் மாமி ஊரிலிருந்து வந்தா. சுன்னாகம் சந்தையில் விலை பேசிப் பேசியே மூன்று பிள்ளைகளை வளர்த்த மனுசி. சாட்ஸ்டனைக் காட்டாமல் விடலாமா? மினுங்கும் தரையில் செருப்புத் தேயாமல் அளந்து அளந்து நடந்தா. கண்ணாடிச் சாடிகளில் இனிப்பு, பொம்மைகளின் மேல் உடுப்பு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு மகளைக் கேட்டா.

"ஏன் பிள்ளை, இஞ்ச ஒருத்தரும் விலை பேசிறேல்லையோ?"

"இல்லையம்மா. போட்டிருக்கிற விலைதான்."

"விலை பேசாட்டி அந்தப் பெட்டையோட என்னத்தைக் கதைக்கிறது?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. சுன்னாகத்தில் ஒரு பூசணிக்காய் வாங்கினால், பூசணிக்காரியின் மகளின் கலியாணம் எதுவரை வந்தது என்பதும் சேர்ந்து வரும். இங்கே பற்றுச்சீட்டு மட்டும் வருகிறது. சற்றுத் தள்ளி ஒரு கடையில் நாற்பது வீதம் கழிவு என்று சிவப்பு எழுத்தில் தொங்கியது. அதை வாசித்துச் சொன்னதும் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியே! ஒருத்தரும் கேக்காமலே இவ்வளவு குறைச்சிருக்கிறாங்கள். கேட்டிருந்தா?"

போகும்போது இன்னொன்றும் கேட்டா. "வெளியில இருட்டிட்டுதோ?" யன்னல் இல்லை, கண்ணில் படும்படி மணிக்கூடும் இல்லை. பகலா இரவா என்று தெரியாத இடத்தில் ஆறுதலாக வாங்குவார்கள் என்பதுதான் அந்தக் காலத்துக் கட்டடக்கலையின் ஞானம். நேரத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் வெளியே காருக்கு வர வேண்டியிருந்தது.

இருபத்தைந்து வருடங்களாக இந்த ஞானம் நின்று பிடித்தது. அதற்கிடையில் சாட்ஸ்டன் ஒரு பகுதியை இடிக்கும், இன்னொன்றைக் கட்டும். வருடத்தின் எந்த மாதத்தில் போனாலும் எங்கேயாவது ஒரு மூலையில் பலகை அடித்து, "விரைவில்" என்று எழுதி, சிரிக்கும் பெண்ணொருத்தியின் படத்தை ஒட்டியிருப்பார்கள். சிரிக்கும் பெண்கள் மாறினார்கள், பலகை மாறவில்லை. கோயில் திருப்பணியாவது கும்பாபிஷேகத்தோடு பன்னிரண்டு வருடம் ஓயும்.

2016 ஒக்டோபரில் பெரிய கும்பாபிஷேகம் நடந்தது. 660 மில்லியன் டொலர் செலவில் விரிவாக்கம். அதன் மகுடம் ஒரு கண்ணாடிக் கூரை: 7,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பில், அலை அலையாக வளைந்து, 2,672 கண்ணாடிப் பலகைகளால் ஆனது. அளவில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லையாம். உண்மையில் அழகான வேலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முகில் போவது தெரியும், மழை தாளம் போடுவது தெரியும், பொழுது சாய்வது தெரியும். அண்ணையும் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உதென்ன தம்பி, வானந்தானே?"

"ஓம் அண்ணை."

"முந்தி இருந்ததுதானே?"

முந்தி இருந்ததுதான். 1960இல் செலவில்லாமல் தலைக்கு மேலே கிடந்தது. அதை மூடுவதற்கு ஒருமுறை செலவழித்தார்கள். மூடியதைத் திறந்து காட்டுவதற்கு இன்னொருமுறை செலவழித்தார்கள். நடுவில் ஒரு தலைமுறை வானத்தைக் காணாமல் சப்பாத்து வாங்கியது.

புதிய சாட்ஸ்டனுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஐரோப்பியப் பெருங்கடைகள், பெயரைச் சரியாக உச்சரிக்கவே பயமாக இருக்கும் கடைகள், ஒரு முழு நடைக்கூடத்தைப் பிடித்துக்கொண்டன. தொகுதியும் தன்னை நாகரிகத்தின் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. அந்தக் கடைகளின் வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் நிற்பார். பக்கத்தில் ஒரு கயிறு. கயிற்றுக்கு வெளியே வரிசை. உள்ளே கடை பாதி காலியாக இருந்தாலும் வரிசை இருக்கும். நாங்கள் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள். விடியப்புறம் எழும்பி, சங்கக்கடை வாசலில், கைப்பையோடு. பாண் முடிந்துபோகும் என்று நின்றோம். இங்கே கைப்பைக்கே வரிசை நிற்கிறது, அது முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தும். எங்கள் மகன் தன் பல்கலைக்கழகக் காலத்தில் அந்தத் தொகுதியில் ஒரு கடையில் வார இறுதிகளில் வேலை செய்தவன். அவனிடம் இதைச் சொன்னேன்.

"அப்பா, கியூ இல்லாட்டி ஆக்கள் வரமாட்டினம்."

பாண் காலத்து அரசாங்கத்துக்கு இந்த உண்மை தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் தேர்தலில் தோற்றிருக்காது.

அவனுடைய தலைமுறைக்குச் சாட்ஸ்டன் கடையே அல்ல. நாங்கள் சந்தியில் மதகில் குந்தியிருந்து கதைத்த வயதில் அவர்கள் அங்கே உணவுக்கூடத்து மேசையொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிண்ணம் உருளைக்கிழங்குப் பொரியலை ஆறு பேர் மூன்று மணித்தியாலம் சாப்பிடுவார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், முதல் பிரிவு எல்லாம் அந்தக் கூரைக்குள்தான் நடந்ததாம். காதலைப் பற்றி அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. நகரும் படியில் கண்ட ஓர் அக்கா சொல்லிவிட்டா. சந்திக்குரிய வேலையைச் சாட்ஸ்டன் குறைவின்றிச் செய்திருக்கிறது.

2017இல் பிள்ளைகளுக்கு லெகோலாண்ட் வந்தது. 2019இல் 250 அறைகளோடு ஒரு ஹொட்டேல் திறந்தார்கள். இதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. சாமான் வாங்கப் போன இடத்தில் படுத்து எழும்புவதா? ஆனால் மெல்பேர்ணின் வேறு மூலைகளிலிருந்து ஆட்கள் பெட்டியோடு வந்து தங்குகிறார்கள். அலுவலகக் கட்டடங்களும் எழும்பின. வேலை அங்கே, சாப்பாடு அங்கே, சினிமா அங்கே, நித்திரையும் அங்கே. குரூன் கண்ட கனவு அறுபது வருடம் பிந்தி, பூங்காவையும் பள்ளிக்கூடத்தையும் வழியில் தவறவிட்டு, வாடகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாம் வந்தது, ரயில் மட்டும் வரவில்லை. கிட்டடியில் ஹியூஸ்டேல், ஓக்லீ, ஹோம்ஸ்கிளென் என்று மூன்று நிலையங்கள் உண்டு. சாமான் பையோடு நடந்துபோகக் கூடிய தூரத்தில் ஒன்றும் இல்லை. மாநில அரசு இப்போது பெரும் பொருட்செலவில் கிழக்குப் புறநகர்களைச் சுற்றி நிலத்தடி ரயில் பாதை தோண்டுகிறது. செல்ரென்ஹாமில் தொடங்கி கிளேய்ட்டன், மொனாஷ், கிளென் வேவர்லி, பர்வூட் வழியாக பொக்ஸ்ஹில் போகிறது அந்தப் பாதை. மாநிலத்திலேயே ஆட்கள் அதிகம் கூடும் இடங்களில் ஒன்றான சாட்ஸ்டனை மரியாதையாக விலகிப் போகிறது. மிச்சமிருப்பது பஸ். 900ஆம் இலக்கம் ஓக்லீ வழியாக வரும். மற்ற எல்லோருக்கும் கார். 2,500 ஆக இருந்த தரிப்பிடம் இன்று 9,000க்கும் மேல். நத்தார்க் காலத்தில் அதுவும் காணாது. கார் நெரிசலுக்குத் தப்பப் புறநகருக்கு ஓடிவந்த கடைக்கு இப்போது சொந்தமாகவே ஒரு நெரிசல் இருக்கிறது.

இனி உச்சக்கட்டத்துக்கு வருகிறேன். 2023இல் ஒரு பக்கத்தை உடைத்து உணவகங்களும் பொழுதுபோக்கும் நிறைந்த ஒரு பகுதி திறந்தார்கள். திறந்த வெளியில் கதிரை மேசை, மாலையில் குளிர்காற்று. வெளியில் இருந்து சாப்பிடுவது புதிய அனுபவம் என்று விளம்பரம். 2025 மார்ச்சில் மார்க்கட் பவிலியன் என்று மற்றொன்று. பக்கத்து அலுவலகக் கோபுரத்தோடு சேர்த்து 485 மில்லியன் டொலர். அதற்குள் போனால் மீன்காரர் ஐஸ் மேல் மீனை அடுக்கி வைத்திருக்கிறார். இறைச்சிக்காரர் கண்ணெதிரே வெட்டுகிறார். பழம் குவியலாகக் கிடக்கிறது. பாண் சுடும் வாசம் மூக்குக்கு வரும்படி அடுப்பை முன்னுக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். மரப்பெட்டிகளில் மரக்கறி. பெயர் வேறு ஏன், சந்தை என்றே வைத்துவிட்டார்கள்.

சந்தையில் நெரிபட வேண்டாம், சேறு மிதிக்க வேண்டாம், மீன் வாசம் வேண்டாம், எல்லாம் பெட்டியில் அடைத்துக் குளிரில் வைத்துத் தருகிறோம் என்று சொல்லித்தானே மக்களைக் கடைத்தெருக்களிலிருந்து இங்கே கூட்டிவந்தார்கள்? இத்தனை வருடம் கழித்து நெரிசலையும் வாசத்தையும் வடிவமைப்பாளர் வைத்து வரைந்து திருப்பித் தருகிறார்கள். சேறு மட்டும் பாக்கி. விலை பேசுவதும் பாக்கி. மாமி இருந்திருந்தால் இரண்டாவதைத் தொடக்கி வைத்திருப்பா.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான சந்தை எங்கேயும் போய்விடவில்லை. சாட்ஸ்டன் வந்தபோது பக்கத்து ஓக்லீக் கடைத்தெருவுக்கு இறுதிக்கிரியை என்று நினைத்தவர்கள் உண்டு. இன்று ஈற்றன் மோல் என்ற அந்தச் சின்னத் தெருவில் கிரேக்கக் கிழவர்கள் கோப்பிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே கண்ணாடிக் கூரை இல்லை. கிளேய்ட்டன் வீதியில் எங்கள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. டண்டினோங் சந்தையில் பின்னேரத்தில் விலை இறங்குகிறது. பெரிய கடை இவற்றைக் கொல்லவில்லை. உற்றுப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதுதான் சரி. கற்றுக்கொள்ளப் பல நூறு மில்லியன் செலவாயிற்று. ஓக்லீக்குப் போய் ஒரு கோப்பிக்குக் காசு கொடுத்திருந்தால் கிரேக்கர்கள் இலவசமாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஊரிலும் மாற்றம் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் கார்கில்ஸ் கட்டடம் திறந்தபோது நகரும் படியில் ஏற ஊரே திரண்டதாம். அங்கிருக்கும் உறவினர் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்: "இப்ப எங்களுக்கும் குளிருக்குள்ள சாமான் வாங்கலாம். சந்தைக்குப் போற கரைச்சல் இல்லை." நான் அவருக்கு மார்க்கட் பவிலியனைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் வானத்தை மூடி முடிக்கட்டும்.

அண்ணை இப்போது ஓய்வூதியக்காரர். முழங்காலுக்கு நடை நல்லது என்று டொக்டர் சொல்ல, காலையில் கடைகள் திறக்க முன்னமே சாட்ஸ்டனுக்குள் நடக்கிறார். எங்கள் ஆட்கள் இன்னும் சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள். மேடு பள்ளம் இல்லை, நாய் இல்லை, மழை இல்லை. இரண்டு சுற்று முடிந்ததும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மெத்தை போட்ட நீள இருக்கையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலில் தேத்தண்ணி. ஊர்ப்புதினம், இங்கத்தைய அரசியல், யாருடைய பிள்ளைக்கு எங்கே சம்பந்தம் என்று கதை பத்தரை வரை போகும். போன மாதம் நானும் போய் இருந்தேன்.

"தம்பி, ஒரு விசயம் யோசிச்சியே? இவ்வளவு காசைக் கொட்டி உவங்கள் எங்களுக்குக் கட்டித் தந்திருக்கிறது என்ன தெரியுமோ? ஒரு திண்ணை. அதுக்கு நாங்கள் ஒரு சதம் குடுத்தமே?"

வாசலில் ஆட்களை எண்ணும் கருவி இருக்கிறது, எத்தனை தலை என்பதைக் காட்டித்தான் கடைக்காரரிடம் வாடகை பேசுகிறார்கள், விற்பனை கூடினால் வாடகையும் கூடும்படி ஒப்பந்தம் எழுதுவார்கள், நாங்கள் சும்மா பார்த்த பார்வையெல்லாம் யாரோ ஒருவருடைய கணக்கில் வரவாக ஏறியிருக்கிறது என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அண்ணை கேட்பதாக இல்லை.

"நீ என்னவும் சொல்லு. இத்தினை வருசமா இந்த இடத்தை ஏமாத்தினது நாங்கள்தான்."

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி நகரும் படியில் இறங்கி வந்தா. இரண்டு கையிலும் பை. ஒரு தோளிலும் ஒன்று. அண்ணை எழும்பி நின்றுவிட்டார்.

"உதென்னப்பா உது?"

"ஒண்டுமில்லை. சும்மா பாக்கத்தான் போனனான்."